மணிக்கூண்டுக்கு நான் சொன்ன தலபுராணம்

கங்கையைச் சடைக்குள் ஒளித்துவைத்து, உடன் நின்ற உமையவள் ஊடி முகம் திருப்பியபோது ஒன்றும் அறியாதவன்போல் நகைத்து நின்ற பெருமானே, உன் திருவடி வாழ்க. தனக்கொரு துணை வேண்டாதிருந்தும் தனித்திருப்போர்க்கெல்லாம் துணையாக வந்து நிற்பவனே, அடியேன் சொல்லப் புகுவதில் குறை நேராமல் என் நாவில் அமர்ந்து நடத்துவாயாக.

இனிப் பேசலாம். காலணியை அந்தத் தூணின் ஓரமாக விடுங்கள் ஐயா. விட்டுவிட்டு இப்படி உட்காருங்கள். மணிக்கூண்டில் இப்போதுதான் விளக்கு வரிசை தொடங்கியிருக்கிறது. இந்த நெரிசலில் நீங்கள் போனால் நூல் கட்ட முடியாது, உங்கள் சட்டையில் எண்ணெய்தான் கொட்டும். தமக்கையார் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார், நாளைக் காலை வரை ஒன்றும் சொல்ல முடியாது என்று மருத்துவர் கூறிவிட்டார், அத்தான் அருகில் காவல் இருக்கிறார் என்றீர்கள். அப்படியானால் சிறிது நேரம் அமரலாம், பாதகமில்லை.

உங்களை உட்காரச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வருகிறவர்கள் செருப்பை விட்ட கையோடு மணிக்கூண்டுக்கு ஓடுவார்கள். நீங்கள் மட்டுந்தான் உள்ளே எட்டிப் பார்த்து, "இங்க என்ன சாமி?" என்று கேட்டீர்கள். இந்த மார்கழியில் அப்படிக் கேட்ட முதல் மனிதர் நீங்கள். இங்கே எழுந்தருளியிருப்பவர் துணையிருந்த நாதர். சிறிய கோயில்தான். ஆனால் மணிக்கூண்டுக்கு அடித்தளம் தோண்டுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இவர் இங்கே இருக்கிறார். இதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

அடியேன் அம்பலவாணன். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். முன்பெல்லாம் கடைத்தெருவில் 'புலவர் ஐயா' என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். இப்போது 'செருப்பு ஐயா' என்று கேட்டால் இன்னும் விரைவாகக் காட்டுகிறார்கள்.

அம்மா, உங்கள் செருப்பு இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கழற்றிவிட்டுப் போனால் நான் எப்படித் தேடுவேன்? ஆம், மணிக்கூண்டுக்கு நேரே போகலாம். நேரேதான். வேறு எங்கே போகப் போகிறீர்கள்?

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? மணிக்கூண்டு. அதன்மேல் எனக்குப் பொறாமை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் ஒன்றின்மேல் ஒரு மனிதன் பொறாமை கொள்வானா? அதன் வரலாற்றை நான் ஒழுங்காகவே சொல்வேன், கேளுங்கள். நூல் வியாபாரி உலகநாதச் செட்டியார் கட்டியது. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் மாற்றலாகிப் போனபோது அவர் நினைவாக என்று கல்லில் வெட்டி வைத்தார். சுதந்திரம் வந்தபின் கலெக்டர் பெயரைச் சுண்ணாம்பு மறைத்தது. செட்டியார் பெயரைச் சுவரொட்டி மறைத்தது. கடிகாரம் கப்பலில் வந்தது. நான்கு திசைக்கும் நான்கு முகம். நான்முகனுக்கே நம் நாட்டில் கோயில் அரிது. இதற்கு நான்கு முகம் வைத்து நடுவீதியில் நிறுத்திவிட்டார்கள்.

உப்புக் காய்ச்சப் போனவர்களை அதன் அடியில் நிறுத்தித்தான் அடித்தார்கள். போலீசார் பார்த்திருக்கவே ஒரு கைத்தறிக்காரர் உச்சியில் ஏறிக் கொடி கட்டினார். பிறகு தேர்தல் மேடைகள். மொழிப் போராட்டத்தில் கறுப்புக் கொடி, மில் வேலைநிறுத்தத்தில் சிவப்புக் கொடி, நடிகருக்குப் படம் ஓடினால் தோரணம். இனிப்புக் கடை அட்டைப்பெட்டியில் அதன் படம். நகரப் பேருந்தின் பின்புறத்தில் அதன் படம். நடுவில் பல ஆண்டுகள் கடிகாரம் இரண்டே காலில் நின்றுபோயிற்று. அப்போதும் ஊரார் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் தம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஓடாத ஒன்றுக்கு அவ்வளவு மரியாதை ஐயா! இங்கே ஒரு நொடியும் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பவனை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

அது மேற்கே நிற்கிறது; இவர் மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார். மாலையில் அதன் நிழல் வீதியைக் கடந்து, இந்தப் படியில் ஏறி, சந்நிதி வாசல்வரை வந்து படுத்துக்கொள்ளும். நான் ஒருநாளும் அந்த நிழலை மிதித்ததில்லை, சுற்றிக்கொண்டு போவேன். பயபக்தியால் அன்று. அதற்கு அந்தப் பெருமையும் வேண்டாம் என்றுதான்.

ஓய்வு பெற்ற பிறகு மாலைதோறும் இந்த மண்டபத்தில் அடியார்களின் பதிகங்களுக்குப் பொருள் சொல்லி வந்தேன். கூலிக்கு அன்று, கும்பிட்டுச் சொன்னேன். தொடக்கத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பாட்டை எடுத்தால் எழுவாய் எது, பயனிலை எது, இந்தச் சொல்லுக்கு இங்கே ஏன் இந்தப் பொருள் என்று விரித்துச் சொல்லுவேன். ஒரே பாட்டு ஒரு வாரம் ஓடியதுண்டு. அவ்வளவு ஆழம்.

அப்போதுதான் மாநகராட்சியார் மணிக்கூண்டைப் பழுதுபார்த்து, கடிகாரத்தை ஓட வைத்து, வண்ண விளக்குப் போட்டார்கள். அதே ஆண்டில் செண்பகவல்லி டீச்சர் ஓய்வு பெற்றார். பெண்கள் பள்ளியில் சரித்திரம் கற்பித்தவர். எனக்கு இரண்டும் ஒருசேர வந்து வாய்த்தன. அந்த அம்மையார் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாலை வேளையில் மணிக்கூண்டின் அடியில் நின்று அதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். நான் பொருள் சொல்லும் அதே வேளையில். வேண்டுமென்றே என்று நான் கூறவில்லை. வேறு வேளையும் உண்டு என்றுதான் கூறுகிறேன்.

முதலில் இளைஞர்கள் போனார்கள். பிறகு தம் மூட்டுவலியால் தரையில் உட்கார முடியவில்லை என்று என்னிடம் விடைபெற்ற முதியவர்கள் அங்கே நின்றுகொண்டு கேட்டார்கள். ஒருநாள் என் மனைவி உமையாளைக் காணவில்லை. வீட்டுக்குப் போய், "எங்கே போயிருந்தாய்?" என்றேன்.

"மணிக்கூண்டுக்குத்தான். டீச்சர் பேசுறதக் கேக்கப் போனேன்."

"அங்கே என்ன இருக்கிறது?"

"அந்தக் கொடி கட்டின ஆளு இருக்காருல்ல, எறங்கும்போது அவரு வேட்டி கம்பியில மாட்டிக்கிச்சாம். கீழ போலீசு, மேல இவரு தொங்குறாரு. எல்லாரும் சிரிச்சுட்டோம். அப்புறம் அவர என்ன செஞ்சாங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் அழுதுட்டோம்."

"என் சொல்லைக் கேட்டு நீ ஒருநாளும் அழுததில்லையே?"

"நீங்க பொருள் சொல்லுவீங்க. அழ எங்க விடுறீங்க?"

முப்பத்தெட்டு ஆண்டு இல்லறம் ஐயா. சொல்லிவிட்டு மோர் கடையப் போய்விட்டாள்.

அடுத்து வந்தவர் நடேசன், எங்கள் கோயில் கமிட்டித் தலைவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே தங்கும் விடுதி வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் காலியாகக் கிடக்கும் இடத்தைக் கண்டால் அவர் கண் உறுத்தும்.

"புலவர் ஐயா, கோச்சுக்காதீங்க. கார்த்திகை வரைக்கும் பாப்போம். ஆளு வரலன்னா மண்டபத்த சாயங்காலம் வேற எதுக்காவது விட்டுரலாம்."

"வேறு எதற்கு?"

"மணிக்கூண்டு பாக்க வர்றவங்களுக்கு பெஞ்சு போடலாம். இங்க இருந்து எடுத்தா படம் நல்லா விழுதாம்."

அன்றிரவு நான் உண்ணவில்லை. இந்த மண்டபத்தில் பேசும் மாலை நேரம் போனால் எனக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். எம்பெருமான் புகழை நான் சொல்வதற்கு இந்த ஒரு நாழிகைதான். இதையும் பெஞ்சு போட்டு மூடினால் நான் வாய் திறக்க வேறிடமில்லை. எம்பெருமானுக்காகத்தான் வருந்தினேன். எனக்காக வருந்தியதாக எண்ண வேண்டாம்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஐப்பசி மாதம். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. மணிக்கூண்டின் அடியில் நின்ற கூட்டம் முழுவதும் அவசர அவசரமாக இந்த மண்டபத்துக்குள் ஓடிவந்தது. செண்பகவல்லி டீச்சரும் ஒலிபெருக்கியைப் புடவைத் தலைப்பில் பொதிந்துகொண்டு வந்தார். பின்னாலேயே உமையாள். எத்தனை காலத்துக்குப் பின் மண்டபம் நிறைந்தது தெரியுமா? கூட்டத்தை அனுப்பியவன் இறைவனே என்று எண்ணிக் கண்ணீர் மல்கப் பதிகம் பாடத் தொடங்கினேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் எம்பெருமானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மழையில் நனைந்து மினுங்கும் மணிக்கூண்டைப் பார்த்து நின்றார்கள். கைபேசியை நீட்டினார்கள். நான் எழுந்து, அவர்கள் முன்னே படியோரம் போய் நின்று, உரத்துப் பொருள் சொன்னேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"ஐயா, கொஞ்சம் நகருங்க. மறைக்குது."

நந்தி விலகியதாகக் கேட்டிருக்கிறேன். கடிகாரம் தெரியவேண்டும் என்று ஓர் அடியவன் விலகியதாகக் கேட்டதில்லை. "நகரமாட்டேன்" என்றேன். உடனே, எங்கிருந்து வந்ததோ, வாய் தானாகவே சொல்லத் தொடங்கியது: "நீங்கள் அண்ணாந்து பார்க்கிறீர்களே, அது எந்த இடம் என்று அறிவீர்களா? நகரமாட்டேன் என்று ஒருவர் நின்ற இடம் அது."

எல்லோரும் திரும்பினார்கள். மின்னல் ஒன்று வெட்டியது. அதை நான் வரவழைக்கவில்லை.

சொன்னேன். முன்னொரு காலத்தில் இவ்வூர் முழுதும் மருதங்காடு. நூல் நூற்று வாழ்ந்தாள் ஒருத்தி. அவள் கணவன் விடியலைக் காணமாட்டான் என்று வைத்தியன் கைவிட்டுப் போனான். சுற்றம் இல்லை, அயல் இல்லை. அவள் வாசலுக்கு வந்து இருட்டைப் பார்த்து, "விடியும்வரை யாராவது என் பக்கத்தில் இருங்கள்" என்றாள். பிழைக்க வை என்றுகூடக் கேட்கவில்லை. இருங்கள் என்றே கேட்டாள். அப்போது வழிப்போக்கர் ஒருவர் வந்து குடிசைக்கு முன்னே, வீதியில் நின்றார். காலன் வந்தான். "யார் நீர்?" என்றான். "இவளுக்குத் துணையிருக்க வந்தவன்." "நான் உள்ளே போகவேண்டும்." "நான் நகர்ந்தால் போகலாம்." "எப்போது நகர்வீர்?" "அவள் போகச் சொல்லும்போது." காலன் இரவெல்லாம் காத்திருந்தான். அவள் போகச் சொல்லவில்லை. கிழக்கு வெளுத்தது, குறித்த வேளை கடந்தது, காலன் பாசக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினான். வழிப்போக்கர் எதிரே வந்து இந்தக் கருவறைக்குள் அமர்ந்தார். அவர் நின்ற இடம் மண் மேடிட்டது. அந்த மேட்டின்மேல்தான் மணிக்கூண்டு எழுந்தது.

பொய் என்று சொல்லிவிடாதீர்கள் ஐயா. தலபுராணங்கள் வேறு எப்படி எழுந்தன என்று எண்ணுகிறீர்கள்? ஒரு புலவன் ஓர் இடத்தைப் பார்த்தான். இறைவன் அவன் நாவில் இருந்தான். அவ்வளவுதான். உமையாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் கண்டேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் புராணம் சொல்கிறவன் அங்கே நிறுத்த முடியாது. கேட்டவர்க்குக் கிடைக்கும் பயன் என்ன என்று சொல்லித்தான் முடிக்கவேண்டும்; அதுவே மரபு. பயன் சொல்லாமல் எழுந்தால் மோர் ஊற்றாமல் இலையை எடுத்ததுபோல் ஆகிவிடும். ஆகவே சொன்னேன்: "பெருமான் நின்ற இடத்தில் விளக்கேற்றி, ஒரு நூலை முடிந்து, உயிருக்குப் போராடுகிறவர்க்காக வேண்டிக்கொண்டால், விடியும்வரை அவர் நகரமாட்டார்."

மரபுப்படி முடித்தேன். இதில் என் பிழை என்ன? நின்றவர் இங்கே இருக்கிறார். நின்ற இடம் அங்கே இருக்கிறது. அறிவுடையவர்கள் நின்றவரிடம் வரவேண்டாமா? இடத்துக்குப் போனார்கள் ஐயா, இடத்துக்குப் போனார்கள்!

மறுநாளே ஒரு பெண் விளக்கேற்றினாள். அவள் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து நலமாகத் திரும்பினார். ஆயாக்கள் சொன்னார்கள், ஆட்டோக்காரர்கள் சொன்னார்கள், தேநீர்க் கடையில் சொன்னார்கள். உங்களுக்குச் சொன்னதும் ஆயாதான் என்றீர்கள் அல்லவா? மணிக்கூண்டைச் சுற்றி மாநகராட்சி போட்ட இரும்பு வேலி நூலால் மூடிப்போயிற்று. பூக்காரி பேச்சியம்மாள் பூவை ஓரமாக ஒதுக்கிவிட்டு நூலும் விளக்கும் விற்கத் தொடங்கினாள். ஒரு பலகை எழுந்தது: 'அருள்மிகு நின்ற சாமி.' துணையிருந்த நாதர் என்ற பெயர் அதில் இல்லை. சொன்ன அடியேன் பெயரும் இல்லை. என் பெயர் வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்க்கவில்லை. ஆனால் உபயதாரர்களின் பெயர்கள் இருந்தன. டியூப் லைட் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது.

கார்த்திகை பிறந்தது. என் மண்டபத்தில் ஒருவரும் இல்லை. ஒரு மாலை, செண்பகவல்லி டீச்சர் படியேறி வந்தார். ஒலிபெருக்கி இல்லை. தூணில் சாய்ந்துகொண்டார்.

"சந்தோஷமா புலவரே?" என்றார்.

"நான் என்னம்மா செய்தேன்?"

"நேத்து அங்க நின்னு பேச ஆரம்பிச்சேன். 'டீச்சர், சாமி இருக்கிற இடம், போலீசு அடிச்சது அது இதுன்னு பேசாதீங்க' அப்படிங்கிறாங்க. கொடி கட்டினவரோட பேத்தி அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டா."

நான் அவர் அமரப் பாயை விரித்தேன்.

"உங்க கதை நல்லாத்தான் இருந்துச்சு. நானே உருகிட்டேன். ஆனா அங்க மேடெல்லாம் கிடையாது. குளம் இருந்துச்சு. குளத்த மூடித்தான் கட்டினாங்க."

"குளத்தின் நடுவில் மேடு இருந்திருக்கலாம்" என்றேன்.

அந்த அம்மையார் சிரித்தார். பிறகு, "நீங்க சொன்ன கதைதான்னு அவங்ககிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். எனக்கு என் இடம் வரும், உங்களுக்கு உங்க கூட்டம் வரும்" என்றார்.

அந்த இரண்டாவது பகுதி எனக்கு நியாயமாகப் பட்டது. எழுந்து அவருடன் போனேன். வேலியோரம் இருந்த கல்லின்மேல் ஏறி நின்று, "அன்பர்களே, இப்புராணத்தை ஐப்பசி மழையில் முதன்முதலாகச் சொன்னவன் அடியேன். நீங்கள் வழிபட வேண்டியவர் எதிரே கோயிலில் இருக்கிறார்" என்று அறிவித்தேன்.

பேச்சியம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "நல்லாருக்கே! எங்க ஆத்தா காலத்துலருந்து கட்டிக்கிட்டு வர்றோம். இவரு ஐப்பசியில சொன்னாராம்!"

"உன் தாயார் காலத்தில் இங்கே ஆடு கட்டினார்கள் அம்மா."

"யோவ் பெருசு, மரியாதையா எறங்கு" என்றான் ஒருவன். "எதுத்த கோயில்காரரு. அங்க ஈ ஓட்டுறாரு, அந்த வயித்தெரிச்சல்ல வந்து பேசுறாரு."

வயிற்றெரிச்சலாம், எனக்கு! பேச்சியம்மாள் அதோடு விட்டாளா? சுற்றி நின்றவர்களுக்கு என் கதையை என் எதிரிலேயே சொல்லத் தொடங்கினாள். நூல் நூற்றவளை மீன் விற்பவளாக்கினாள். "நான் நகர்ந்தால் போகலாம்" என்ற இடத்தை, அந்த உயிரான இடத்தை, விட்டேவிட்டாள். காலனுக்கு எருமை ஒன்றைக் கொடுத்து, அந்த எருமையைப் பேசவும் வைத்தாள். ஐயா, எல்லோரும் கண்ணீர்விட்டுக் கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில், கையில் விளக்குடன், உமையாள் நின்றாள்.

வீடு வந்தோம். வந்தபின் கேட்டேன். "நீயுமா? நம் வீட்டில் யார் உயிருக்குப் போராடுகிறார்கள்?"

"நீங்கதான்" என்றாள். "நடேசன் வந்து பேசினதுலேருந்து நீங்க சரியாச் சாப்பிடல. தூக்கத்துல பாட்டுக்குப் பொருள் சொல்றீங்க. அந்த மண்டபம் உங்களுக்கே இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

"அது நான் சொன்ன கதை உமையாள். அன்று வாயில் வந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை."

"இருக்கட்டும். அவரு நின்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நீங்க சொன்னப்ப நின்ன மாதிரி இருந்துச்சு. நீங்க சொல்லி எனக்கு அழுகை வந்தது அன்னிக்குத்தான்."

எவ்வளவு பெரிய பாராட்டு! ஆனால் பாருங்கள் ஐயா, என் சொல் கேட்டு அழுதவள், விளக்கைக் கொண்டுபோய் அங்கே ஏற்றினாள். அதை நான் எப்படிப் பொறுப்பேன்?

மறுவாரம் நடேசன் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "ஐயா, பெஞ்செல்லாம் வேண்டாம். அங்க வர்ற கூட்டத்துக்குச் செருப்பு விட இடமில்ல. மண்டபத்துல விடச் சொல்லிட்டேன். நம்பிக்கையான ஆளு ஒருத்தர் வேணும். நீங்கதான் சாயங்காலம் இங்க இருக்கீங்களே. செருப்பையும் பாத்துக்கலாம், உங்க பாட்டையும் பாடிக்கலாம்."

வீட்டில் போய்ச் சொன்னதும் உமையாள் மணிக்கூண்டின் திசை நோக்கிக் கைகூப்பினாள். "பாத்தீங்களா? பலிச்சிருச்சு!"

ஆகவே இருக்கிறேன். அடியவர்க்கு அடியவனாய் இருப்பதே உயர்வு என்று எத்தனை மாலை இதே மண்டபத்தில் விரித்திருக்கிறேன். அவர்கள் பாதம் பட்ட தோலைக் காப்பதும் தொண்டுதான், மறுக்கவில்லை. யாருடைய அடியவர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு. செண்பகவல்லி டீச்சர் வாரத்தில் பாதி நாள் வந்து, அதோ அந்த மூலையில் அமர்ந்து, பதிகம் கேட்கிறார். அவர் ஒருவரே எம்பெருமானை நோக்கி உட்காருகிறவர். நடுவில் நிறுத்தி, "பாட்டுல வர்ற ராஜா எந்த நூற்றாண்டு?" என்று கேட்பார். எனக்குக் கோபம் வரும். வராத நாளில் ஏன் வரவில்லை என்று வாசலைப் பார்ப்பேன். காலணிகளை எடுக்க வருகிறவர்களும் சிலர் பாட்டு முடியும்வரை நிற்கிறார்கள். ஒருவேளை தம் ஜோடி அகப்படாமல் நிற்கிறார்களோ என்னவோ.

கூட்டம் தளர்ந்திருக்கிறது, இப்போது போகலாம். நூல் வாங்கினால் பேச்சியம்மாளிடமே வாங்குங்கள்; நல்ல நூல்தான் வைத்திருக்கிறாள். அவள் கதை சொல்ல வந்தால் எருமை வரும் இடத்தை நம்பாதீர்கள். தமக்கையார் பெயர் என்ன என்றீர்கள்? சுடர்க்கொடி. அழகான பெயர். நீங்கள் அங்கே நூல் முடியும்போது நான் இங்கே சுடர்க்கொடி பெயருக்கு ஒரு பதிகம் பாடுகிறேன். பொருள் சொல்லமாட்டேன், பாட்டு மட்டும்.

நலமடைந்தால் அது துணையிருந்த நாதர் அருள், நினைவிருக்கட்டும். மணிக்கூண்டு எவர்க்கும் எதுவும் செய்ததில்லை. திரும்பி வரும்போது நன்றியை இங்கே வந்து சொல்லுங்கள்.

என்ன ஐயா, கண் கலங்குகிறீர்கள்? சரி. வேண்டாம். அங்கேயே சொன்னாலும் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கே சொன்னால் என்ன. வரிசை நீண்டிருந்தால் நிற்கவே வேண்டாம், நூலை என்னிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் போய்க் கட்டுகிறேன். ஆம், நானே. அந்த நிழலில் கால் வைத்துத்தான் போகவேண்டும், போகிறேன். சுடர்க்கொடி கண் விழிக்கும்போது பக்கத்தில் தம்பியின் முகம் இருக்கவேண்டும், அதுவே முதல்.

பெருமான் உங்கள் குடும்பத்தைக் காப்பாராக. அத்தானுக்கு உறக்கம் தருவாராக. இந்த மண்டபத்தில் காலணி விட்டுப் போனவர்களும், விடாமல் போனவர்களும், இந்தக் கதையை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டவர் எவராயினும் அவரும், தம் சொல்லை உட்கார்ந்து கேட்க ஒருவர் வாய்க்கப் பெற்று, நோயின்றி நெடிது வாழ்வார்களாக.